எழுபத்துமூன்று டிகிரி

எல்டன் ஒரு மீனைத் தின்று நான் பார்த்ததில்லை. முப்பத்தொரு வருடம் மொன்டானாவில் எங்கள் ஆற்றில் வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிப்போய், இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியைத் தூண்டிலில் வீசக் கற்றுக்கொடுத்தான். மாட்டிய டிரவுட் மீனைத் தண்ணீருக்குள் வைத்தே கழற்றிவிடச் சொல்வான். போட்டோவுக்காக மீனைத் தூக்கிப் பிடித்த ஒரு டாக்டரிடம், "நீ அவ்வளவு நேரம் மூச்சை அடக்கிக் காட்டு பாப்போம்" என்று எல்லார் முன்னாலும் கேட்டவன். கல்யாணம் நிலைக்கவில்லை. "ஆத்தைக் கட்டிக்கிட்டவனுக்கு நான் எதுக்கு?" என்று பெண்டாட்டி போய்விட்டாள். மிஞ்சிய ஒரே சிநேகிதர் என் கணவர் ராய்ஸ்.

அந்த ஆகஸ்டில் ராய்ஸின் புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருந்தது. இனி வாரக்கணக்குதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலை முழுக்க வலி. மருந்து வேலை செய்து அவர் எழுந்து உட்கார மணி மூன்றாகிவிடும். ஆற்றிலோ இரண்டு மணிக்குமேல் தூண்டில் போடத் தடை. வெயிலில் தண்ணீர் பாரன்ஹீட் கணக்கில் எழுபதைத் தாண்டிச் சூடேறிக் கிடந்தது. அந்தச் சூட்டில் மாட்டித் துள்ளிய மீனை விட்டாலும் பிழைக்காது.

ராய்ஸ் கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரே ஒரு சாயங்காலம்டா. அந்த வளைவுல நின்னு நாலு தடவை வீசிட்டு வந்துடறேன்."

"தண்ணி எழுபத்துமூணு டிகிரிடா. மீன் செத்துடும்."

"நானுந்தான் சாகப்போறேன்."

"அடுத்த வாரம் குளிர ஆரம்பிச்சிடும், தடையை எடுத்துடுவாங்க. நானே உன்னைத் தூக்கிட்டுப் போறேன்."

"மீனுக்குக் குடுக்கற மரியாதையில பாதி எனக்குக் குடுடா." ராய்ஸ் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் எல்டனை மறித்தேன். "யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்ல, ஜோனெல்" என்றான். ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது.

அடுத்த வாரமும் வெயில் தணியவில்லை. எல்டன் தினமும் மாலையில் ஆற்றில் இறங்கி அளந்துவிட்டுப் போன் செய்வான். எழுபத்திரண்டு. எழுபத்தொன்று. "இன்னும் ரெண்டே நாள்" என்பான். இங்கே ராய்ஸ் இரண்டு ஸ்பூன் சூப்புக்கு மேல் குடிக்கவில்லை. நான் போனை வைத்துவிடுவேன்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் ஒரே இரவில் குளிர் இறங்கியது. மலை உச்சியில் பனி விழுந்தது, கரையோரத்து மரங்களில் மஞ்சள் தட்டியது. வியாழக்கிழமை தடையை எடுத்தார்கள். மூன்று மணிக்கு எல்டன் வந்தான். முகம் சவரம் செய்து, ராய்ஸை உட்கார வைக்க ஒரு மடக்கு நாற்காலியோடு வந்திருந்தான்.

ராய்ஸ் கண் திறந்து அவனை மேலும் கீழும் பார்த்தார். "உக்காருங்க சார். நான் ஒருத்தனுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன். ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான். சொன்னா வந்துடுவான்."

"நான்தான்டா வந்திருக்கேன்."

"அவன் வந்தா சொல்லுங்க, நான் ரெடின்னு." ராய்ஸ் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

எல்டன் ஐந்து மணிவரை கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான். ஆற்றுக்குப் போகிற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலைக் கடந்தன. கிளம்பும்போது படியில் நின்றுவிட்டான்.

"கொக்கியை வெட்டிப் போட்டிருக்கலாம் ஜோனெல். வெறும் பூச்சியை வீச விட்டிருக்கலாம். மீன் வந்து கொத்திப் பாத்துட்டுப் போயிருக்கும், அதுக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. எனக்குத் தோணவே இல்லையே." குழந்தை மாதிரி அழுதான்.

இருபத்தாறு வருடம் தூண்டில்காரர் பெண்டாட்டியாக இருந்த எனக்கும் தோன்றவில்லை. அதை அப்போதே அவனிடம் சொல்லியிருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன்.

ராய்ஸ் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தார். எல்டன் படகை விற்றுவிட்டு, இப்போது மாட்டுத்தீவனக் கடையில் மூட்டை தூக்குகிறான். கடைத்தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறான். எனக்கும் தோணலைடா என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. நான் இன்னும் சொல்லவில்லை.