ஒச்சாயி வீட்டு மின்விசிறி

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். லாரி கிளீனராக ஏறி, இன்று எழுமலையில் நான்கு லாரிக்குச் சொந்தக்காரன். வேலை வேகமாக நடக்க எனக்கு எவனும் பாடம் எடுத்ததில்லை. ஒரே சரக்குக்கு இரண்டு பேரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். என் தங்கை ஒச்சாயிக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

முப்பது வயதில், இறந்துபோன யாரோ ஒருவரின் கருவிழியால் ஒச்சாயிக்கு ஒரு கண்ணில் பார்வை திரும்பியது. அதிலிருந்து சுற்றுப்பட்டில் சாவு விழுந்த எந்தக் கேத வீட்டுக்கும் முதல் ஆளாகப் போவாள். போனதும் மின்விசிறியை நிறுத்துவாள். காற்றில் கண் உலர்ந்துவிடுமாம். இமைமேல் ஈரப் பஞ்சு வைத்துவிட்டுக் கண்தானம் கேட்பாள்.

"வந்துட்டாய்யா, கரண்டு பில்லு மிச்சம் புடிக்கிறவ" என்று கேலி பேசுவார்கள். பதினெட்டு வருடத்தில் அறுபத்தொரு வீட்டில் சம்மதம் வாங்கினாள்.

மதுரையில் இரண்டு தனியார் கண் வங்கிகள். என் யோசனைப்படி இரண்டுக்கும் போன் போடுவாள். போட்டியில் வண்டி பறந்து வரும். ஒருமுறை இரண்டும் சேர்ந்து வந்து, பிணத்தின் தலைமாட்டிலேயே அடிதடி. புகார் போய், அரசு வட்டாரம் பிரித்தது. மேற்கே ஒரு வங்கி, கிழக்கே மற்றது. எல்லை தாண்டினால் உரிமம் போகும். எங்கள் ஊர் மேற்கில் வந்ததால், ஒச்சாயி மேற்கு வங்கியின் எண்ணை மட்டும் தன் வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வைத்தாள்.

போன சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கிய அன்று காலை ஒன்பது மணிக்கு, மாரடைப்பில் அவளே போய்விட்டாள். அவள் கணவர் பேயாண்டி எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். இமையில் பஞ்சு வைத்தார்.

"ஆறு மணி நேரந்தான் தாங்கும் மச்சான். செவத்துல இருக்க நம்பருக்குப் போடுங்க."

"சும்மா இரு மாப்ள. ஒருத்தன நம்புனா சாயங்காலம் ஆக்கிருவான்."

இரண்டு வங்கிக்கும் போட்டேன். "மத்தவன் கெளம்பிட்டான், வெரசா வா" என்று இரண்டு பேரிடமும் பொய் சொன்னேன். லாரித் தொழிலில் இது பலித்த வித்தை.

மேற்கு வங்கிக்காரர்கள், கிழக்கு வங்கி எடுக்கப்போகிறது என்று நம்பி, மேலே அதிகாரிக்குப் புகார் எழுதிவிட்டுப் பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டார்கள். செக்கானூரணியில் கண் பரிசோதனை முகாமுக்கு வந்திருந்த கிழக்கு வங்கி வண்டி, போட்டி அவசரத்தில் எல்லையைப் பாராமல் பதினோரு மணிக்கே வந்தது. இறங்கிய பெண் பவதாரிணி, சுவரில் இருந்த எண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இது அவங்க ஏரியாங்கய்யா. அவங்க எழுதிக் குடுக்காம நான் தொட்டா எங்க உரிமம் போயிரும்."

மேற்கு வங்கியைக் கூப்பிட்டேன். புகார் கொடுத்தாகிவிட்டது, அதிகாரி சொல்லாமல் எழுதித் தர முடியாது என்றார்கள். வண்டியையாவது அனுப்பச் சொன்னேன். அது திருவிழாக் கூட்டத்துக்குள் மாட்டியிருந்தது. அதிகாரியின் அலுவலகத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

எல்லை போட்டவனைத் திட்ட எனக்கு வாயில்லை. தலைமாட்டுச் சண்டையை மூட்டியதே என் யோசனை.

மூன்று மணிக்குப் பவதாரிணி கையுறையைக் கழற்றினாள். அதுவரை அந்த வெக்கையில் கூட்டம் மொத்தமும் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தது. கேலி பேசியவர்களும்தான். ஒருவர்கூடக் காற்று கேட்கவில்லை.

பேயாண்டி பஞ்சை எடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"ஃபேனப் போட்டு விடுங்க மச்சான்."