பிஸ்கட்டுக்கு மூச்சு முட்டுகிறது

சனிக்கிழமை காலையில் அந்த மீன் மறுபடியும் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது. சுகந்தினிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"சாகிறதெண்டால் ஒரேயடியாய்ச் சா. கிழமைக்குக் கிழமை ஏன் என்ரை உயிரை வாங்கிறாய்?"

மீனின் பெயர் பிஸ்கட். மகள் பிரணவி பள்ளிக்கூடக் காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய தங்கமீன். தூரத்து டனீடின் நகரத்துக்குப் படிக்கப் போனபோது, பிளாக்ஹவுஸ் பே வீட்டுக் கூடத்தில் தொட்டியை விட்டுவிட்டு, அதை அம்மாவின் தலையில் கட்டிவிட்டுப் போனாள். நாள் முழுக்க மருந்துக்கடையில் நின்று ஊராரின் இருமலுக்கெல்லாம் மருந்தெடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டிலும் ஒரு நோயாளி!

சனிக்கிழமைகளில் பிரணவி வீடியோவில் வருவாள். வந்ததும் வராததுமாக, "ஹாய் அம்மா, பிஸ்கட் எங்க?" என்பாள். கைபேசியைத் தொட்டிப் பக்கம் திருப்பவேண்டும். மீனோடு கொஞ்சி முடித்த பிறகு, "சாப்பிட்டியா பிள்ளை?" என்ற கேள்விக்கு ஒரு 'ம்ம்' கிடைக்கும். அவ்வளவுதான். பெற்ற மகளின் குரலைக் கேட்க ஒரு மீனின் தயவு வேண்டியிருந்தது! இது செத்துப்போனால் அந்த 'ம்ம்'மும் இல்லை என்று சுகந்தினி உறுதியாக நம்பினாள். அந்தப் பயம்தான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

மங்கரேயில் விமானச் சரக்குக் கிடங்கில் இரவு வேலை முடித்து வந்த கணவன் வசீகரன், தேநீர்க் கோப்பையோடு வந்து தொட்டியை எட்டிப் பார்த்தான்.

"இஞ்சரும், தண்ணிக்குள்ளை குமிழி விடுற காற்றுக்கல் அடைச்சுப்போச்சுது. பாரும், குமிழி கொழுக்கட்டை மாதிரி வருது. நல்ல கல்லெண்டால் பொடிப்பொடியாய் வரவேணும்."

"அப்ப கையை விட்டு எடுங்கோவன்."

"நான் இப்பதானே கை கழுவினனான்."

அவனுக்கு எல்லாம் தெரியும். கை மட்டும் நனையாது. சுகந்தினிதான் குழாயிலிருந்து கல்லைக் கழற்றினாள். பழைய பல்துலக்கியால் பாசியைத் தேய்த்தாள். பால்சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தாள். வாயை வைத்து ஊதிப் பார்த்தாள். கன்னம் வலித்தது. புதுக் கல்லும் வாங்கி மாட்டிப் பார்த்தாயிற்று. குழாய்வழியே கல்லுக்குக் காற்று அனுப்பும் பம்பை மட்டும் யாரும் தொடவில்லை. அதுதான் நன்றாக உறுமிக்கொண்டிருக்கிறதே!

கிழமை நடுவில் மீன் தேறிவிடும். "நான் சொன்னனான்தானே," என்பான் வசீகரன். பிறகு வெள்ளி வரும், சனி விடியும், மீன் மறுபடி மேலே வந்து நிற்கும்.

இந்த முறை சுகந்தினி வைத்தியத்தை விட்டுவிட்டுப் பிள்ளையாரைப் பிடித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை, வேலையால் வந்து குளித்துவிட்டு, குளிருக்குச் சாத்திய யன்னல்களைச் சாத்தியபடியே விட்டு, கூரையிலிருந்த, புகை பட்டால் அலறும் மணிக்கு, குளிக்கையில் தலைக்குப் போடும் பிளாஸ்டிக் உறையை வழக்கம்போல மாட்டினாள். வெள்ளிதோறும் போடும் சாம்பிராணியை இன்று இரட்டிப்பாக அள்ளிக் கரியில் போட்டாள்.

"அப்பனே, இந்த மீனைக் காப்பாற்று. என்ரை பிள்ளையை என்னட்டை இருந்து பிரிச்சுப்போடாதை!"

புகை, தொட்டிக்கு மேலே சுவரிலிருந்த சாமித்தட்டை மூடியது. சாமித்தட்டின் ஓரத்தில், படங்களுக்குப் பக்கத்தில், பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. மின்சாரம் நின்றால் தண்ணீர் குழாய்வழியே பம்புக்குள் இறங்கிவிடாமலிருக்க, அது தொட்டியைவிட உயரத்தில் இருக்கவேண்டும் என்று அங்கே வைத்தவன் வசீகரன்தான்.

தேவாரம் முடியுமுன்னே பிஸ்கட் மேலே வந்துவிட்டது. சுகந்தினி பதறிப்போய்த் தொட்டிமேல் குனிந்தாள். குமிழிகள் அவள் மூக்குக்கு நேரே உடைந்தன.

சாம்பிராணி மணத்தது. தண்ணீருக்குள்ளிருந்து!

அவள் பார்வை குழாய்வழியே மேலே, புகைக்குள் உறுமும் பம்புக்குப் போனது. பிறகு பம்பைத் தூக்கிப் புரட்டினாள். அடியில் காற்று உறிஞ்சுகிற துளையிலிருந்த சின்னப் பஞ்சு, கரிபிடித்துக் கன்னங்கரேலென்று இருந்தது. மீனுக்குக் காற்றூட்டுவதாக நினைத்து, வெள்ளிக்கு வெள்ளி பக்தியோடு புகையூட்டியிருக்கிறாள்! மணிக்கு உறை போடத் தெரிந்த மண்டைக்கு இது தெரியவில்லையே!

யன்னல்களை அடித்துத் திறந்தாள். வசீகரன் அளவு தெரியாமல் நீளமாக வாங்கிப்போட்டிருந்த குழாயை இழுத்து, புதுப் பஞ்சு வைத்து, பம்பைப் படுக்கையறை அலுமாரிமேல் ஏற்றினாள். மேலே என்ன செய்வதென்று தெரியவில்லை. மகளை வீடியோவில் அழைத்தாள்.

"அம்மா? இண்டைக்கு வெள்ளியெல்லோ? வாட் ஹாப்பன்ட்?"

"பிள்ளை... உன்ரை மீனுக்கு நான் சாம்பிராணி அடிச்சுப்போட்டன்."

எல்லாவற்றையும் கேட்ட பிரணவி திட்டவில்லை. "மூண்டில ஒரு பங்கு தண்ணி மட்டும் மாத்துங்கோ. குழாய்த்தண்ணிக்கு விடுற அந்த மருந்துத் துளியை மறக்காதேங்கோ," என்றாள். சுகந்தினி வாளியோடு ஓடினாள், ஊற்றினாள், பார்த்தாள்.

"அம்மா, ஏன் கை நடுங்குது?"

"குளிர்த்தண்ணி."

"பொய்."

அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. "இது செத்தால் நீ எனக்கு ஃபோன் எடுப்பியாடி? ஒரு மீனுக்குப் பின்னாலே நிண்டு நான் உன்னைப் பாக்கிறன்!"

திரையில் பிரணவியின் முகம் மாறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேகமான ஆங்கிலத்தில் சொன்னாள்: உங்களோடு பேச்சை எப்படித் தொடங்குவதென்று தெரியாமல்தான் மீனைக் கேட்கிறேன். தமிழில் தொடங்கினால் பாதியில் வார்த்தை முடிந்துவிடுகிறது. பிஸ்கட்டைப் பற்றிக் கேட்டால் நீங்கள் அதை நிறையத் திட்டுவீர்கள், உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

சுகந்தினி வாளியைக் கீழே வைத்தாள். தொட்டியில் பிஸ்கட் மெல்ல இறங்கி, அடியிலிருந்த கூழாங்கல்லை மோந்து பார்த்தது.

இரவு வேலைக்குமுன் படுத்திருந்த வசீகரன் விழித்துப் படுக்கையறையிலிருந்து கத்தினான். "என்னப்பா இது, தலைமாட்டிலை லொறி ஓடுது? நான் எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

"பம்பைச் சாமித்தட்டிலை வைச்ச புத்திசாலி நீங்கள்தானே? அனுபவியுங்கோ!"

கைபேசிக்குள் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சரி, ஃபோனை வை பிள்ளை. நான் சமைக்கவேணும்."

"வைக்காதேங்கோ. சமையுங்கோ, நான் பாக்கிறன்."

"சமைக்கிறதிலை என்ன கூத்துப் பாக்கக் கிடக்கு? உனக்குப் படிப்பில்லையே?" என்று எரிந்து விழுந்தபடியே, சுகந்தினி கைபேசியை உப்புப் போத்தலில் சாய்த்துவிட்டுப் பருப்பைக் கழுவத் தொடங்கினாள்.