காட்டிக்கொடுத்த ஸ்பார்க் பிளக்

போன வருடம் மே மாத விடுமுறையில் நடந்தது இது. களக்காட்டில் என் மைத்துனர் மகளுக்கு நிச்சயதார்த்தம். பாளையங்கோட்டையிலிருந்து நானும் மனைவியும் எங்கள் பழைய காரில் கிளம்பினோம். மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய மோதிரம் என் மனைவியின் கைப்பையில் இருந்தது. பதினொரு மணிக்கு ஜெபம் செய்து மோதிரம் மாற்றுவதாக ஏற்பாடு.

அன்று நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆற்றோரக் காற்று நல்லது என்று வீட்டில் சொல்லிவிட்டு, காலை ஆறு மணிக்கெல்லாம் காரை எடுத்துக்கொண்டு வண்ணார்பேட்டைப் பக்கம் போய்விடுவேன். முதல் வாரம் நிஜமாகவே நடந்தேன். இரண்டாவது வாரம், போகிற வழியில் ஒரு டீக்கடையில் வெல்லப் பூரணம் வைத்த சுசியம் சுடச்சுடப் போடுவதைப் பார்த்துவிட்டேன்.

அதற்கப்புறம் நான் நடக்கவில்லை. மரத்தடியில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, இரண்டு சுசியமும் பேப்பருமாக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். கிளம்பும்போது பாட்டில் தண்ணீரைச் சட்டை முதுகில் கொஞ்சம் தெளித்துக்கொள்வேன். வீட்டில் பார்க்கிறவளுக்கு அது வியர்வை.

மூன்று மாதம் இப்படியே போனது. பிறகு கார் லேசாகத் திக்க ஆரம்பித்தது. மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னாள் மனைவி. இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவனுக்கு மெக்கானிக் எதற்கு என்று, நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நானே நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினேன். நான்கின் நுனியிலும் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. மட்டமான பெட்ரோல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். நான்காவது பிளக் கைநழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது. அதன் வெள்ளைப் பீங்கானில் முடி மாதிரி ஒரு கீறல். துணியால் துடைத்துப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் கீறல் தெரியவில்லை. அப்படியே மாட்டிவிட்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று நாங்குநேரிக்குக் கொஞ்சம் முன்னால் கார் குலுங்கத் தொடங்கியது. உரலுக்குள் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து, எல்லாம் தெரிந்தவன் மாதிரி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன். மணி பத்தேகால். மனைவி குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். மோதிரத்துக்காக மண்டபத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது.

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தது பர்தா அணிந்த ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"என்ன அண்ணாச்சி, குலுக்குதா?" என்று கேட்டுக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினார். "திருநெல்வேலி பேட்டையில எங்க வாப்பா கார் ஒர்க்‌ஷாப் வச்சிருக்காவ. நானும் அங்கனதான் வேலை பாக்கேன். களக்காட்டுக்கு ஒரு சாமான் குடுக்கப் போறேன். தள்ளுங்க, பாப்போம்."

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து பிளக் ஸ்பேனர் வந்தது. "சூடா இருக்கும், பையப் பைய கழட்டுவோம்" என்று துணியைச் சுற்றி முதல் பிளக்கை வெளியே எடுத்தார். கறுப்பு. இரண்டாவதும் கறுப்பு. மூன்றாவதும் அதே.

"இதையெல்லாம் எப்ப சுத்தம் பண்ணுனீங்க?"

"போன ஞாயித்துக்கிழமைதான்" என்றேன் பெருமையாக.

அவர் பிளக்கை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு வாரத்துல இவ்வளவு கரியா? தெனமும் எங்கன கொண்டு போய் வண்டிய ஆஃப் பண்ணாம நிறுத்துதிய?"

மனைவி குடையோடு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"வண்டி ஓடுனா சூட்டுல கரி தன்னால எரிஞ்சிரும், அக்கா. ஒரே எடத்துல நின்னு இன்ஜின் உறுமிக்கிட்டே கெடந்தாதான் இப்படிப் படியும். அண்ணாச்சி ஏசி போட்டுட்டு ரொம்ப நேரம் உக்காருவாவளோ?"

"அவங்க தெனமும் வாக்கிங்லா போறாவ" என்றாள் மனைவி.

"வாக்கிங் போனா வண்டிய அணைச்சிட்டுலா போவாவ."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. பிளக்கையே பார்த்துக்கொண்டு, "சட்டையெல்லாம் நனைஞ்சு வருமே" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்.

அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவசரமாகக் குனிந்து நான்காவது பிளக்கைக் கழற்றினார். கீறல் இப்போது கண்ணாடி போடாதவனுக்கும் தெரிகிற அளவுக்கு விரிந்திருந்தது. "இதுதான் குலுக்குன ஆளு. கீழ விழுந்துச்சா?"

"விழுந்துச்சு" என்றேன். அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

தன் பையைத் துழாவி, ஏற்கெனவே வேறு வண்டியில் ஓடிய பிளக் ஒன்றை எடுத்தார். அதன் நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தது. "நல்லா ஓடுற வண்டியில இந்த நெறத்துலதான் இருக்கும்" என்று எங்கள் பிளக்கோடு சேர்த்து வைத்து அளவு பார்த்து, துடைத்த மற்ற மூன்றோடு அதையும் மாட்டினார். கார் குலுங்காமல் கிளம்பியது. "போயிட்டு வர தாங்கும். நாளைக்கு நாலையும் மாத்திருங்க" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். கீறல் விழுந்த பிளக்கை மனைவி கேட்டு வாங்கி, கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

நாங்குநேரி தாண்டியதும் மனைவி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு மாசமா ஜெபக்கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால எந்திரிச்சுச் சாட்சி சொல்லியிருக்கேன். எங்க வீட்டுக்காரருக்குக் கர்த்தர் நல்ல புத்தி குடுத்தாரு, ஒரு நாள் தவறாம நடக்காவன்னு. இனி அந்தச் சாட்சிய எப்படித் திருப்பி வாங்க?"

நான் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

பத்து ஐம்பதுக்கு மண்டபத்தில் இருந்தோம். மோதிரம் குறித்த நேரத்துக்கு மாறியது. சாப்பாட்டுப் பந்தியில் என் இலைக்குக் கேசரி வந்தது. கை தானாக அதன் பக்கம் போனபோது, மனைவி கைக்குட்டையைப் பிரித்து அந்தக் கறுத்த பிளக்கை என் இலையோரத்தில் வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா, "அது என்ன சம்மந்தி?" என்று கேட்டார்.

"சர்க்கரைக்கு மருந்து" என்றேன். கேசரியைத் தொடவில்லை.

அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஜெபக்கூட்டத்தில் நானே எழுந்து நின்று, சுசியம் முதல் முதுகில் தெளித்த தண்ணீர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டமே சிரித்தது. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோனேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போது காரை வீட்டிலேயே விட்டுவிட்டு நடக்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி என்னைப் பற்றி ஊரெல்லாம் நல்லதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள் என்பதே எனக்கு அத்தனை நாளும் தெரியாமல் இருந்தது. சர்க்கரையின் மேல் இருக்கிற பயத்தைவிட அதுதான் என்னை இன்றைக்கும் காலையில் எழுப்பி விடுகிறது.