பஞ்சவர்ணம் அக்காவின் துருப்பிடிக்காத துப்பாக்கி

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை காலை பஞ்சவர்ணம் அக்கா, மண்டபத்துக்கு மேற்கே கடலோரம் இருக்கும் தமது தோப்பு வீட்டில், உள்ளே தாழிட்ட கதவுக்குப் பின்னால் இறந்துபோனார். வயது அறுபத்தொன்று. திருடன் வரவில்லை, துப்பாக்கி வெடிக்கவில்லை. மாரடைப்பு.

இதைத் தெளிவாகச் சொல்லக் காரணம் உண்டு. துப்பாக்கி வைத்திருந்த பெண் இறந்தார் என்றதும் ஊரில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. அந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் விற்றவனும் நான்தான். எனவே நடந்ததைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

காலை ஏழு மணி சுமாருக்கு இராமநாதபுரத்தில் லாரி ஆபீசில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துத் தோப்பு லூர்துமேரி போனில் கூப்பிட்டாள். “அண்ணே, அக்கா பதில் சொல்ல மாட்டேங்கிறாக.” செய்தி எனக்கு வந்தது இப்படித்தான். அப்போது அது சாவுச் செய்தி இல்லை. அதை அப்படி ஆக்கியதில் என் பங்கு என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அக்கா கடற்கரையில் பிறந்தவர் அல்ல. கடலாடிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். கணவர் பணி ஓய்வுப் பணத்தில் இந்தத் தென்னந்தோப்பை வாங்கி வீடு கட்டினார். குடிவந்த மூன்றாம் வருடமே போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அக்கா மட்டும் இருந்தார்.

எனக்கு அவர் அறிமுகமானது சண்டையில்தான். பாம்பன் துறையில் சைக்கிளில் போல்ட் நட்டு விற்றுத் தொடங்கியவன் நான். இப்போது படகுகளுக்கு வேண்டிய இரும்புச் சாமான், கயிறு, பெயின்ட் எல்லாம் வைத்துக் கடை நடத்துகிறேன். ஒருநாள் அக்கா கடைக்குள் நுழைந்து, ஒரு துண்டை அவிழ்த்து என் மேஜையில் கொட்டினார். செம்பழுப்பாகப் பொடியும் செதிலுமாக விழுந்தது.

“ஏலே தம்பி, இது கீலா, ஓமப்பொடியா?”

“எங்க வாங்குனீகக்கா?”

“ஒங்கிட்டத்தான். நாலு மாசந்தான் ஆச்சு. கதவு கையோட வருது.”

உண்மைதான். பில் கையில் வைத்திருந்தார். கடலுக்கு இருநூறு அடியில் வீடு என்பதைக் கேட்காமல் சாதாரணக் கீலைத் தலையில் கட்டியிருந்தேன். உப்புக் காற்று தின்னாத எஃகு எது, மேலே பூச்சு மட்டும் பூசியது எது என்று அன்றைக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, “இதை மொதல்லயே சொன்னா வாய் வலிச்சிருக்குமா?” என்றார். அன்றிலிருந்து கடலோர வீட்டுக்காரர் யார் வந்தாலும் முதலில் தூரம் கேட்கிறேன். அந்த ஒரு கேள்வியால் எனக்கு வந்த வியாபாரம் கொஞ்சமல்ல.

பின்னர் ஒரு நடுப்பகலில் அது நடந்தது. தண்ணீர் கேட்டு வந்த இரண்டு பேர், அக்கா சொம்போடு திரும்பும்போது கழுத்தை நெரித்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். சத்தம் கேட்டு வேலி இடைவெளி வழியாக ஓடி வந்து தூக்கியவள் லூர்துமேரி. அந்த இடைவெளி வழியாகத்தான் தினமும் காலையில் மீன் கொண்டு வருவாள். அவள் அன்று வராதிருந்தால் அக்கா அன்றே போயிருப்பார்.

மறுநாள் நான் பார்க்கப் போயிருந்தபோது, கொழுந்தனார் தங்கராசு காரில் வந்தார். அவர் பேச்சில் அக்கறையும் இருந்தது, தோப்பின் விலையும் இருந்தது.

“மதினி, இதை வித்துப்புட்டு நம்ம வீட்டுக்கே வந்துருங்க. பின்கட்டுல ஒரு ரூமு சும்மாத்தான் கெடக்கு.”

“பின்கட்டுல ஒங்க நெல்லு மூட்டையோட மூட்டையா நானும் கெடக்கவா? நான் இங்கனதான் இருப்பேன்.”

“தனியா எப்படி இருப்பீக?”

அக்கா என்னைப் பார்த்தார். “தம்பி, துப்பாக்கி வாங்கணும். துருப்பிடிக்காததா. விலையும் கையைக் கடிக்கக் கூடாது.”

தங்கராசு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவருக்கு அது துப்பாக்கி விஷயமே இல்லை. அந்த வீட்டில் தங்குவதா, மூட்டையோடு மூட்டையாகக் கிடப்பதா என்பதுதான்.

கலெக்டர் ஆபீசுக்கு மனு, போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று என்று ஏறக்குறைய ஒரு வருடம் அலைந்தார். விசாரிக்க வந்த அதிகாரி, “இந்த வயசுல எதுக்கும்மா துப்பாக்கி?” என்று கேட்டபோது, முந்தானையை விலக்கிக் கழுத்துத் தழும்பைக் காட்டினாராம்.

லைசென்ஸ் வந்ததும் இருவரும் மதுரைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது பழைய வெளிநாட்டு இரட்டைக் குழல். பூவேலை செய்த அழகான பொருள். குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அம்மைத் தழும்பு மாதிரி துருக் குழிகள். வேண்டாம் என்றேன். அடுத்தது ஒற்றைக் குழல். மலிவு. ஆனால் ஒரு தோட்டாதான் போடலாம். “ஒருத்தன் வந்தா சரி, ரெண்டு பேரு வந்தா ரெண்டாமவனை உக்காரச் சொல்லவா?” என்று அக்கா கேட்க, கடைக்காரர் எழுந்துபோய்ப் பம்ப் ஆக்‌ஷன் இரண்டைக் கொண்டுவந்தார். குழலுக்கடியில் உள்ள பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் வகை.

ஒன்று மரக்கட்டையும் கருநீலச் சாயமேற்றிய குழலும் கொண்டது. மற்றது வெள்ளி நிறப் பூச்சும் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டையும் உள்ளது. நான் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன்.

“அண்ணே, துப்பாக்கிக்குக் காந்தம் வச்சுப் பாக்குற மொத ஆளு நீங்கதான்” என்று கடைக்காரர் சிரித்தார். “குழலுக்குப் போடுற ஸ்டெயின்லெஸ்ஸும் காந்தத்துல ஒட்டும். அதை வச்சு முடிவு பண்ணாதீங்க.”

எனக்குத் தெரியாத ஒன்றை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. காந்தத்தை உள்ளே போட்டுவிட்டுக் குழலைக் கழற்றச் சொன்னேன். பளபளப்பு எல்லாம் வெளியேதான். உள்ளே இருந்த ஸ்ப்ரிங்கும் ஊசிகளும் இரண்டிலும் சாதாரண எஃகு. ஆனால் வெள்ளிப் பூச்சுக்காரனில் குழலின் உட்புறமும் குரோம் பூசியிருந்தது. திருகுகளும் நல்லவை. மரக்கட்டை கடல் ஈரத்தில் ஊதும், பிளாஸ்டிக் ஊதாது.

“இது என்னலே, தண்ணிக் குடம் மாதிரி இருக்கு?”

“குடம் என்னைக்காச்சும் துருப்பிடிச்சுப் பாத்திருக்கீகளாக்கா?”

அக்கா பிடியை இழுத்துத் தள்ளினார். சரக் சடக் என்று கடை முழுக்கக் கேட்டது. “இந்தச் சத்தத்துக்கே பாதிப் பேரு ஓடிருவான்மா” என்றார் கடைக்காரர். அக்கா மறுபடி ஒருமுறை இழுத்துத் தள்ளினார். கழுத்து நெரிபட்ட நாளிலிருந்து அவர் முகத்தில் நான் காணாத ஒரு நிம்மதி அப்போது வந்தது. ஒரு வருடத் தேங்காய்ப் பணத்துக்குள் விலையை இறக்கிக் கொடுத்தேன். உறை இலவசமாகத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். உறைக்குள் ஈரம் தங்கும் என்று அதை வாங்க விடவில்லை.

முதல் மாதம் ஒரு கூத்து நடந்தது. விளக்குக்குப் போடும் நல்லெண்ணெயையே துப்பாக்கிக்கும் தடவிவிட்டார். பிடி பசையாய் ஒட்டிக்கொண்டது. நான் போய் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, அதற்கென்று உள்ள எண்ணெயைக் கொடுத்து வந்தேன். அதன்பின் வெள்ளிதோறும் உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசி, இரண்டுமுறை இழுத்துத் தள்ளிப் பார்ப்பார். அந்தச் சத்தம் லூர்துமேரி வீடுவரை கேட்கும். திருட்டுத்தனமாகத் தேங்காய் பொறுக்க வந்துபோனவர்கள் வருவதை நிறுத்தினார்கள்.

துப்பாக்கியோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நான் வியாபாரி. ஒரு பொருள் வாங்கினவருக்கு அடுத்த பொருளும் தேவைப்படும் என்பது என் புத்தி. முன்கதவுக்குக் கடல்தண்ணீரும் தின்னாத எஃகில் கிரில், தாழ்ப்பாள். ஜன்னல்களுக்கும் அப்படியே. வேலி இடைவெளிக்கு முள்கம்பி. அது லூர்து வரும் வழி என்று அக்கா தயங்கினார். “அவ வர்ற வழியிலதான் மத்தவனும் வருவான்க்கா” என்று சொன்னது நான். அத்தோடு ஒரு சட்டமும் போட்டேன். யார் வந்தாலும் கேட்டுக்கு வெளியே நின்று தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அக்கா பதில் சொன்ன பிறகே கேட்டில் கைவைக்க வேண்டும். தெரியாமல் நம் ஆளையே சுட்டுவிடக் கூடாதே என்ற பயம்தான்.

லூர்துமேரி அதைக் கேலியாக்கிவிட்டாள். தினமும் காலையில் தோப்பைச் சுற்றி வந்து கேட்டில் நின்று கத்துவாள்:

“அக்கா, நாந்தான் லூர்து! கையில நகரை மீனுதான் இருக்கு, சுட்டுறாதீக!”

“மீனு நல்லா இல்லைன்னா சுடுவேன்டி, வா!”

இரண்டு வருடம் இப்படியே நடந்தது. அக்கா நிம்மதியாகத் தூங்கினார். தங்கராசு தோப்புப் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டார்.

புதன்கிழமை லூர்து தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். பிறகு கணவன் அந்தோணியை அழைத்து வந்தாள். பிறகு எனக்குப் போன் செய்தாள். நான் அக்காவின் எண்ணுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. லூர்துவைத் திரும்பக் கூப்பிட்டேன்.

“உள்ள போன் அடிக்கிற சத்தம் கேட்டுச்சுண்ணே. அவுகதான் எடுக்கல.”

அந்தோணி போனை வாங்கினான். “அண்ணே, நான் கேட்டுல ஏறிக் குதிச்சுப் பாக்குறேன்.”

“ஏறாதே அந்தோணி” என்றேன். “அக்கா தூக்கக் கலக்கத்துல எந்திரிச்சு வந்தா என்ன ஆகும்னு சொல்ல முடியாது. நான் வாரேன். நான் கூப்பிட்டா தெரியும் அவுகளுக்கு.”

என் வார்த்தைகள் இவைதான். ஒன்றையும் மாற்றவில்லை. நான் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அந்த இருவரும், கழுத்து நெரிபட்ட நாளில் ஒரு கணமும் யோசிக்காமல் ஓடி வந்த லூர்துவும்கூட, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்.

நானும் கேட்டில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு ஏறிக் குதித்தோம். கதவை மூன்று பேர் மோதினோம். அசையவில்லை. அக்கா என் மேஜையில் கொட்டிய அந்த ஓமப்பொடிக் கீலாக இருந்திருந்தால் ஓர் உதைக்குத் தாங்கியிருக்காது. பக்கத்துப் படகுக் கொட்டகையிலிருந்து கிரைண்டர் கொண்டுவந்து தாழ்ப்பாளை அறுக்க அரைமணி நேரம் பிடித்தது. பொருள் அவ்வளவு தரம்.

அக்கா கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் குப்புறக் கிடந்தார். வலது கை கதவுப் பக்கம் நீண்டிருந்தது. துப்பாக்கி அவருடைய தலைமாட்டுச் சுவரில், கொக்கியில் இருந்தபடியே இருந்தது. அதைத் தொடவே இல்லை. கடைசிப் பலத்தைக் கொண்டு அவர் ஊர்ந்தது தாழ்ப்பாளை நோக்கித்தான்.

வந்து பார்த்த டாக்டர், “உயிர் போய் ரொம்ப நேரம் ஆகல, ஒரு மணி நேரம் இருக்கலாம்” என்றார். லூர்து என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

துப்பாக்கியைப் போலீஸ் முன்னிலையில் இறக்கினேன். பழக்கதோஷம், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இரண்டு வருட உப்புக் காற்றில் ஒரு புள்ளி துரு இல்லை. மதுரைக் கடைக்கே ஒப்படைக்க ஏற்பாடாகிவிட்டது. வேலியில் கட்டிய முள்கம்பியை அன்று மாலையே நானே அவிழ்த்தேன். அந்த வழியாகத்தான் லூர்து, அடக்கத்துக்கு முன் அக்காவைக் கடைசியாகப் பார்க்க வந்தாள். பெயர் சொல்லவில்லை, நேராக உள்ளே வந்தாள்.

அக்கா, நீங்கள் கேட்டது துருப்பிடிக்காத பொருள். நான் கொடுத்ததும் அதுதான். அந்த வாசலில் இனி யாரும் பெயர் சொல்லத் தேவையில்லை. போய் வாருங்கள்.

எட்டாம் நாள் தங்கராசு கடைக்கு வந்தார். தோப்பை விற்கப் போகிறாராம், வாங்குகிறவர் வீட்டை இடிப்பாராம். “அந்தக் கிரில்லு, தாழ்ப்பாளெல்லாம் நல்ல சாமான். பழைய இரும்பு வெலைக்காச்சும் எடுத்துக்கிறீகளா?” என்று கேட்டார். பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். முன்கதவுக் கிரில், ஜன்னல் கிரில் நான்கு, கீல்கள், அறுபட்ட தாழ்ப்பாள் எல்லாம் சேர்த்து, விற்ற விலை முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய். அதே விலைக்கு எடுத்துக்கொள்வதாகப் பேசி முடித்தோம். கழற்றும் கூலியும் வண்டி வாடகையும் என்னுடையவை.