அக்காவால் சொல்ல முடியாத வரி

மாதா கோயில் முகப்பில் மாமா கட்டிய சீரியல் விளக்குகள் அந்த வருடத் திருவிழா முடியும்வரை எரிந்தன. கட்டியவர் அவற்றைப் பார்க்கவில்லை. கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், கடைசிச் சரத்தை மாட்டிவிட்டு இறங்கும்போது ஏணி சறுக்கியது. தெருமுனையில் டீ வாங்கிக்கொண்டு நான் திரும்பியபோது கூட்டம் கூடியிருந்தது. மாமா மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னைக் கண்டதும், "மச்சான், என் கால் எங்க கெடக்குது பாரு," என்றார். கால் அவருக்கு நேராகத்தான் நீட்டியிருந்தது.

மாமா என் அக்காவின் கணவர். கடலூர் முதுநகரில் எலெக்ட்ரீஷியன். கோயில் வேலை வந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் அப்புறம்தான் அவருக்கு. குழந்தைகள் இல்லை. அவருக்கு அக்கா, அக்காவுக்கு அவர் என்று இருந்த வீடு அது. சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், கழுத்தின் பின்புறம் எலும்பு உடைந்து நரம்பு நசுங்கிவிட்டது, இனிக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்று டாக்டர் சொன்னார். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவர் போன பிறகு, "என்னடா சொல்றாரு?" என்று என்னிடம் கேட்டாள். நான் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

ஊரிலிருந்து ஜெபம் சொல்ல ஆட்கள் பஸ் ஏறி வந்துகொண்டே இருந்தார்கள். "மாதா வேலையில வுழுந்தவரு. அவுங்களே எழுப்பி வுட்டுருவாங்க," என்றார்கள். வந்தவர்களில் ஒரு அம்மா மட்டும் அக்காவைத் தனியாக அழைத்து, "எங்கியோ விசுவாசத்துல கொறை இருக்கும்மா. நல்லா யோசிச்சுப் பாரு," என்றார். "இருக்கும்க்கா," என்று அக்கா அவரைப் படிக்கட்டுவரை கொண்டுபோய் விட்டு வந்தாள். வந்து கட்டிலோரம் உட்கார்ந்த பிறகு சொன்னாள்: "நம்பாமயா நான் இங்க ஒக்காந்துனு கெடக்கறேன்?" அது கேள்வியா, புலம்பலா என்று எனக்குப் புரியவில்லை. அந்த நாட்களில் நான் செய்ததெல்லாம் மருந்து வாங்கி வருவதும், மாமாவைப் புரட்டிப் படுக்கவைக்கக் கை கொடுப்பதும்தான்.

பிறகு மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். கஞ்சியோடு அக்கா குனிந்தால் உதட்டை இறுக்கிக்கொள்வார். உடம்பில் இப்போது அவர் சொன்னபடி கேட்டது அந்த உதடுதான். "போதும். ஊட்டாத. என்னைப் போவ வுடு," என்றார் ஒருநாள். அக்கா டம்ளரை வைத்துவிட்டு ஜெபமாலையை எடுத்தாள். தினமும் சாயங்காலம் அவர் காதருகில் சத்தமாகச் சொல்லுவாள். அன்று கர்த்தர் கற்பித்த ஜெபத்தில், உமது திருவுளம் என்ற இடத்தில் நின்றுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் அங்கேயே நின்றாள். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வரி தெரியும். ஆனால் அந்த மனிதரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, ஆண்டவரே, உம் விருப்பம் இதுதான் என்றால் நிறைவேறட்டும் என்று எந்த வாயால் சொல்வது?

பக்கத்துக் கட்டிலில் பெண்ணாடத்துக்காரர் ஒருவர் கிடந்தார். கரும்பு டிராக்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். நினைவில்லை. அவர் மனைவி நெற்றியில் திருநீறோடு எப்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அவள்தான் மெதுவாகக் கேட்டாள். "விண்ணுலகில் நிறைவேறுவது போலன்னு வரும் இல்லக்கா? தெனம் கேக்கறேனே. எங்க ஊட்டுக்காரருக்கும் சேத்துதான் நீங்க சொல்றீங்கன்னு நெனைச்சுனு இருந்தேன்."

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, பிள்ளைகள் வகுப்பில் ஒப்பிப்பது போல, அந்தப் பெண் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். மண்ணுலகிலும் என்ற சொல்லில் குரல் உடைந்துபோனது. ஆனால் முடித்தாள். மாமா அன்று வாய் திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் அவராகவே தண்ணீர் கேட்டார். பிறகு கஞ்சி கேட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்கு இன்றும் தெரியாது.

வீட்டுக்கு அழைத்து வந்தோம். இரண்டு மழைக்காலம் இருந்தார். சிரிக்கவும் செய்தார். அக்கா அவரை எவ்வளவு புரட்டிப் போட்டாலும் முதுகில் புண் வந்தது. புண்ணிலிருந்து காய்ச்சல் வந்தது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் சிதம்பரம் ஓடினோம். கடைசியாகப் போனபோது விடிந்து சற்று நேரத்தில், அக்கா முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே, மூச்சு நின்றுவிட்டது.

ஆம்புலன்ஸில் கடலூருக்குத் திரும்பினோம். மாமாவின் தலைமாட்டில் அக்கா, எதிரே நான். பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டியதும் பேசினாள்.

"நான் கேட்டத ஆண்டவர் குடுக்கல இல்லடா?"

மாமாவின் காலில் விலகியிருந்த போர்வையை நான் இழுத்துவிட்டேன்.

"குடுக்கலன்னு அவர்கிட்டதான் போயி அழுவணும். வேற யார்கிட்ட அழுவறது, சொல்லு."

அதைத் தைரியமாகச் சொல்லவில்லை. போக்கிடம் இல்லாதவள் சொல்வது போலத்தான் சொன்னாள். விசுவாசம் என்று கோயிலில் நான் கேட்டு வளர்ந்தது இதைத்தானா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

தொழிற்சாலைகள் இருக்கும் பக்கம் வந்ததும் வழக்கமான ரசாயன நெடி வண்டிக்குள் ஏறியது. அக்கா தன் முந்தானையை இழுத்து மாமாவின் மூக்கை மூடினாள். ஒவ்வொரு முறை வரும்போதும் செய்வதுதான். வீட்டு வாசலில் வண்டி நிற்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.