தங்கச்சி வீட்டுப் பலா அலமாரி

எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே வருடத்தில் கல்யாணம். அப்பா பதுளை மரக்காலையில் பலாப் பலகை வாங்கி, ஒரே தச்சரிடம் கொடுத்து, ஆளுக்கொரு அலமாரி செய்வித்தார். இரண்டும் பளிச்சென்ற மஞ்சள். எதையும் பூச வேண்டாம், பலா தானாகச் சிவக்கும், ஆனால் சில வருடம் பிடிக்கும் என்று தச்சர் சொல்லியிருந்தார்.

நான் பதுளை டவுனில் ஒரு கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டேன். தங்கச்சி ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனாள். எங்கள் பக்கத்து வீட்டில் கருஞ்சிவப்பாக ஒரு மஹோகனி அலமாரி இருந்தது. அதைப் பார்த்த பிறகு என்னுடையது எனக்கே பிடிக்கவில்லை. அந்த வருடத் தீபாவளிக்கு முன்னால் கருஞ்சிவப்புச் சாயமும் வார்னிஷும் வாங்கிப் பூசிவிட்டேன். கொஞ்ச நாள் மினுங்கியது. பிறகு மழைக்காலத்து ஈரத்தில் கொப்புளித்து, செதில் செதிலாக உரிந்தது.

ஆறு வருடம் கழித்து, தங்கச்சி மகளின் காதுகுத்துக்குப் போனேன். லயத்து அறையில் அவள் அலமாரி கித்துள் கருப்பட்டி நிறத்தில் நின்றது. வந்தவர்கள் எல்லாம் அதைத் தடவிப் பார்த்தார்கள். நான் நகைக்கடையிலிருந்து தோடு வாங்கிப் போயிருந்தேன். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.  பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

கிளம்பும்போது, இப்படியே விட்டால் பூச்சி அரித்துவிடும், வார்னிஷ் பூசு என்று அவளிடம் சொன்னேன். அடுத்த வாரமே நான் பூசிய அதே சாயத்தையும் வார்னிஷையும் வாங்கி அனுப்பினேன். அது என்ன செய்யும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது, டப்பாக்கள் மூடி திறக்காமல் அலமாரிக்கு மேலேயே இருந்தன. ஏன் பூசவில்லை என்று கேட்டேன்.

தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “ஒன் அலமாரிய பாத்துட்டுத்தான் பூசலக்கா. நீயும் அத பாத்துட்டுத்தானே குடுத்தனுப்புன?”

 சொல்லிவிட்டுக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள்.

வீட்டுக்கு வந்து உப்புத்தாள் வாங்கி, இரண்டு வாரம் தேய்த்தேன். சாயத்துக்கு அடியில் பலகை, அலமாரி செய்த அன்றைக்கு இருந்த மாதிரியே மஞ்சளாக இருந்தது. அத்தனை வருடமும் வெளிச்சம் படாமல் அப்படியே நின்றிருக்கிறது.

இப்போது மூன்று வருடமாகிறது. லேசாகச் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. அவளுடையது இன்னும் அடர்ந்துவிட்டது. அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் கண் அந்த அலமாரிக்குத்தான் போகிறது. “வாக்கா” என்று அவள் கூப்பிட்ட பிறகுதான் அவள் முகத்தைப் பார்க்கிறேன்.