இளநீரில் வளர்ந்த கேரட்

முதுகலைத் தாவரவியல் இரண்டாம் ஆண்டில் எனக்குக் கொடுத்த ஆய்வு, ஒரு கேரட் துண்டிலிருந்து முழுச் செடியை வளர்ப்பது. கேரட்டின் சதையைச் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெட்டி, கண்ணாடிக் குழாயில் சத்துக்கூழின் மேல் வைத்துவிட்டால் அதுவாக வளர்ந்துவிடாது. வளர்ச்சி முடிந்து அடங்கிப்போன செல்கள் அவை. மறுபடி ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால் சைட்டோகைனின் என்கிற ஹார்மோன் துளியளவாவது வேண்டும். அந்தப் புட்டி எங்கள் ஆய்வகத்தில் காலி. வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

"இளநீர்ல இருக்கே. அந்தக் காலத்துல அதைத்தான் ஊத்தினாங்க," என்றார் என் பேராசிரியை.

தென்னை தன் விதையை வளர்க்க வைத்திருக்கும் நீரில் அந்த ஹார்மோன் இயல்பாகவே உண்டு. கல்லூரி இருந்த சென்னையில் தெருவுக்குத் தெரு இளநீர்க் கடைதான். ஆனால் காய்க்குக் காய் ஹார்மோன் அளவு மாறும், ஒரே மரத்தில் ஒரே பருவத்துக் காய்களாக வேண்டும் என்றார். எங்கள் வீடு பழவேற்காட்டில், டச்சுக் கல்லறையைத் தாண்டிப் போகும் சந்தில். கொல்லையில் ஒரு தென்னை உண்டு. விடுதியிலிருந்து அண்ணிக்குப் போன் செய்தேன்.

அண்ணி ஏரியில் கையால் இறால் பிடிப்பவர். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைத் துழாவி ஒவ்வொன்றாய் எடுத்து அதில் போடுவார். படிப்பு மூன்றாவதோடு சரி. நான் என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால், "செடிக்கு டாக்டருக்குப் படிக்குது" என்பார்.

மறுநாளே பஸ் ஏறி, பொன்னேரியில் ரயிலுக்கு மாறி வந்துவிட்டார். கையில் இரண்டு பெரிய பாட்டில்கள். காயாகக் கொண்டுவந்தால் கனம் என்று வீட்டிலேயே சீவி, வடிகட்டி, ஊற்றிக்கொண்டு வந்திருந்தார். மூடியைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது.

"காயா கொண்டாங்கன்னுதானே சொன்னேன் அண்ணி? வெட்டினா கெட்டுப்போயிடும்னு தெரியாதா?" தோழிகள் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"ஆமால்ல. தப்புதான் பாப்பா," என்று சிரித்தபடி பாட்டில்களை வாங்கி மூடினார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். வேலை கிடக்கிறது என்று கிளம்பிவிட்டார். என் கல்லூரிக்கு வருவதற்கென்று கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டியிருந்ததை, அவர் படியிறங்கிப் போகும்போதுதான் கவனித்தேன். அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அடுத்த நாள் பத்து மணிக்கு மறுபடி வாசலில் நின்றார். அதே புடவை. தலையில் சாக்கு மூட்டை, அதில் ஆறு இளநீர். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"மொதல்ல இத்த எறக்கு. கழுத்து ஒடியுது," என்றார்.

இளநீரைக் காய்ச்சி வடித்துச் சத்துக்கூழில் கலந்தோம். ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு வரிசைக் குழாய்களில் மட்டும் அதைச் சேர்க்கவில்லை. அந்த வரிசையில் துண்டுகள் கொஞ்சம் உப்பியதோடு நின்றுவிட்டன. இளநீர் சேர்ந்த குழாய்களில் மூன்றாவது வாரம் துண்டின் ஓரமெல்லாம் வெளிர் மஞ்சளாய், குருணை குருணையாய்ப் பொங்கியிருந்தது. அண்ணியை வரச் சொன்னேன்.

எதையும் தொட்டுவிடக் கூடாதென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார்.

"இன்னா பாப்பா இது, நண்டு சினை மாதிரி கீது."

"எல்லாம் கேரட்டோட செல்கள் அண்ணி. உங்க இளநீர் பட்டதும் ஒண்ணு ரெண்டாவுது, ரெண்டு நாலாவுது."

"இப்டியே பெருத்துக்கினு போனா எப்போ செடியாவும்? எது எலை, எது வேருன்னு அதுக்கு யாரு சொல்றது?"

என் ஆய்வின் மீதிப் பாதியே அந்தக் கேள்விதான். "இந்தக் கூழ்ல ஆக்சின்கிற இன்னொரு ஹார்மோனும் இருக்குது அண்ணி. அது கூடுதலா இருந்தா வேர் வரும். இளநீர்ல இருக்கிறது கூடுதலா இருந்தா தளிர் வரும். அளவை மாத்தி மாத்திப் பார்க்கணும்."

"அப்போ மாத்திப் பாரு," என்றார், குழம்பில் உப்புப் பார்க்கச் சொல்வது போல.

வெளியே வந்ததும், "அன்னிக்கு எல்லாரும் இருக்கும்போது உங்களைத் திட்டிட்டேன் அண்ணி," என்றேன்.

"எப்போ?" என்றார்.

அளவை மாற்றி மாற்றி வைத்ததில் பதினோரு குழாய்களில் செடி வந்தது. மண்ணுக்கு மாற்றியதும் பெரும்பாலானவை வாடிவிட்டன. பிழைத்ததில் ஒன்றைக் காகிதக் கோப்பையில் வைத்து விடுமுறைக்கு ஊருக்கு எடுத்துப் போனேன். எங்கள் மண்ணில் உப்பு அதிகம். அண்ணி எங்கிருந்தோ நல்ல மண் கொண்டுவந்து தொட்டியில் நட்டார். ஏரியிலிருந்து வந்ததும் ஈரப் புடவையோடு முதலில் அதைத்தான் பார்ப்பார். மயிலிறகு போல இலை விட்டது.

நான் விடுதிக்குத் திரும்பிச் சில வாரங்கள் கழித்து அண்ணியிடமிருந்து போன். அவர் ஏரிக்குப் போயிருந்த நேரத்தில், கீழே காய்த்திருக்கிறதா பார்ப்போம் என்று அண்ணன் செடியைப் பிடுங்கிவிட்டாராம். விரல் நீளம் இருந்ததாம். கழுவித் தின்றும்விட்டாராம்.

"ருசி எப்படி இருந்துச்சாம்?" என்று கேட்டேன்.

"நான் கேக்கல," என்றார் அண்ணி. "ரெண்டு நாளா அந்த ஆளோட பேச்சே இல்ல."